பழைய கணினிக்குப் பொருந்தும் ஹார்ட் டிஸ்க்: வாங்கும் முன் அறிய வேண்டியவை

நாம் நன்கறிந்த குடும்பம் ஒன்றில், 2004ஆம் ஆண்டு வாங்கிய கணினி ஒன்று முன்னறை மூலையில் துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அந்த வீட்டில் அதற்குத் தனி மரியாதை. மறைந்த வாப்பாவின் குரல் பதிவுகள், மூத்த மகளின் திருமணப் படங்கள், வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன் நகல்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. ஒருநாள் அதை இயக்கியபோது உள்ளிருந்து 'டிக், டிக்' என்று ஓசை எழுந்தது. விண்டோஸ் வரவில்லை.

வளைகுடாவில் பணிபுரியும் மகன் செய்தி அறிந்து, விடுப்பில் வரும்போது 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி வந்தார். "இனி இந்தக் கம்ப்யூட்டருக்கு இடப் பற்றாக்குறையே வரக்கூடாது" என்பது அவர் எண்ணம். பெட்டியைத் திறந்து பார்த்தால், புதிய டிஸ்க்கின் வாய் ஒரு மாதிரி, பழைய கேபிளின் வாய் வேறு மாதிரி. சொருகவே முடியவில்லை. கணினியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார். "பழைய டிஸ்க்கை ஒரு தடவை ஃபார்மேட் அடிச்சுப் பார்க்கலாம் காக்கா, வந்தா வேலை செய்யும்" என்றார் கடைப் பையன். மகன் தலையாட்டும் நேரத்தில் வீட்டிலிருந்து உம்மாவின் அழைப்பு வந்தது. "அதுல எதையும் அழிக்க வேணாம்பா. உங்க வாப்பா குரல் இருக்கு" என்றார் அவர். ஃபார்மேட் நின்றது.

இங்கே நேர இருந்தது இரண்டு இழப்புகள். ஒன்று, பொருந்தாத டிஸ்க்குக்குக் கொடுத்த பணம். மற்றொன்று, பணம் கொடுத்தாலும் திரும்பாத நினைவுகள். இரண்டையும் தவிர்க்க வழி இருக்கிறது. எந்த டிஸ்க் வாங்குவது என்பதைக் கடையும் விளம்பரமும் அல்ல, நம் வீட்டிலுள்ள பழைய கணினிதான் தீர்மானிக்கிறது. அது எதை ஏற்கும் என்பதை முதலில் அதனிடமே கேட்டறிய வேண்டும். எப்படிக் கேட்பது என்பதைத்தான் இக்கட்டுரையில் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

பழுது உண்மையில் டிஸ்க்கில்தானா?

கணினி ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லை என்று சொன்னால், டிஸ்க் செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. பழைய கணினிகளில் வேறு மூன்று காரணங்கள் அடிக்கடி இருக்கும்.

முதலாவது கேபிள். ஆண்டுக்கணக்கில் சூட்டிலும் தூசியிலும் கிடந்த கேபிள் தளர்ந்திருக்கலாம். கணினியை அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கேபிளைக் கழற்றித் திரும்பச் சொருகிப் பாருங்கள். முடிந்தால் வேறு கேபிள் மாற்றிப் பாருங்கள்.

இரண்டாவது, மதர்போர்டில் உள்ள சிறிய வட்ட பேட்டரி. அதன் எண் பெரும்பாலும் சிஆர்2032. இது தீர்ந்துபோனால் தேதி, நேரம் மட்டுமல்ல, பயாஸ் அமைப்புகளும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சாட்டா இணைப்பு 'ஏஹெச்சிஐ' முறையில் இருந்தது 'ஐடிஇ' முறைக்கு மாறிவிட்டால், நல்ல டிஸ்க் இருந்தும் விண்டோஸ் நீலத்திரை காட்டி நின்றுவிடும். கணினியைத் திறக்கும் போதெல்லாம் தேதி தவறாக வந்தால் முதலில் இந்த பேட்டரியை மாற்றுங்கள். விலை மிகக் குறைவு.

மூன்றாவது, மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி. அது களைத்துப்போய்ப் போதிய மின்சாரம் தராவிட்டால், டிஸ்க் சுற்றத் தொடங்கி, நின்று, மீண்டும் தொடங்கும். அப்போதும் 'டிக்' ஓசை வரும்.

கணினி திறக்கிறது, ஆனால் மிக மெதுவாக இருக்கிறது என்றால், டிஸ்க்கின் உடல்நிலையை அதுவே பதிந்து வைத்திருக்கும் 'ஸ்மார்ட்' குறிப்பைப் படிக்கலாம். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் போதும். அதில் 05 என்ற வரி, பழுதாகி மாற்றப்பட்ட இடங்களைக் காட்டும். சி5 என்ற வரி, படிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்களைக் காட்டும். இவை கூடிக்கொண்டே போனால் டிஸ்க் விடைபெறத் தயாராகிவிட்டது என்று பொருள். சி7 வரி மட்டும் கூடினால் சந்தேகப்பட வேண்டியது பெரும்பாலும் கேபிளைத்தான்.

முதலில் உள்ளிருப்பதைக் காப்பாற்றுங்கள்

பழுதான டிஸ்க் ஒவ்வொரு முறை இயங்கும்போதும் தன் ஆயுளைச் செலவழிக்கிறது. ஆகவே, "திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பார்ப்போம்" என்பது கூடாது. விண்டோஸில் உள்ள 'செக் டிஸ்க்' சோதனையையும் உடனே ஓட விடாதீர்கள். அது டிஸ்க்கைச் சரிசெய்யப் பார்க்குமே தவிர, உங்கள் படங்களைக் காப்பாற்ற முயலாது. பலவீனமான டிஸ்க்கை அது மேலும் களைக்கச் செய்யும். டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் உயிர் வரும் என்று சொல்வோரும் உண்டு. வெளியே எடுத்ததும் உள்ளே நீர்த்துளி படிந்தால் இருந்ததும் போய்விடும்.

சரியான வழி இதுதான். டிஸ்க்கைக் கழற்றி, யூ.எஸ்.பி. அடாப்டர் மூலம் நல்ல நிலையிலுள்ள இன்னொரு கணினியில் இணையுங்கள். மிக முக்கியமானதை முதலில் நகலெடுங்கள். திரைப்படங்களும் பழைய மென்பொருள்களும் கடைசியில் வரட்டும். படிக்கத் திணறினால், லினக்ஸில் உள்ள 'டிடி ரெஸ்க்யூ' என்ற இலவசக் கருவி உதவும். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட பகுதிகளைப் பிறகு முயலும். சரியான மின்சாரம் கொடுத்தும் 'டிக்' ஓசை தொடர்ந்தால் உடனே அணைத்துவிடுங்கள். உள்ளே படிக்கும் முனை பழுதாகியிருக்கலாம். அதன்பின் தரவு மீட்கும் தொழிலாளரிடம் கொடுப்பதே வழி. அதற்குச் செலவு அதிகம். உள்ளிருப்பது அந்தச் செலவுக்கு உரியதா என்பதைக் குடும்பத்தோடு பேசி முடிவெடுங்கள்.

வாய் பொருந்துகிறதா?

கணினி டிஸ்க்குகள் இரண்டு பெரும் வகை. பழையது ஐடிஇ, 'பாட்டா' என்றும் சொல்வர். அதன் கேபிள் நாலு விரல் அகலத்தில் நாடாபோல் தட்டையாக இருக்கும். வாயில் 40 பின்கள். மின்சாரம் தனியாக நான்கு தடித்த பின்கள் வழியே வரும். ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டலாம் என்பதால் எது 'மாஸ்டர்', எது 'ஸ்லேவ்' என்று ஜம்பர் எனும் சிறு தொப்பியால் குறிக்க வேண்டும். பழைய மடிக்கணினியின் ஐடிஇ டிஸ்க்கில் மின்சாரமும் சேர்த்து 44 பின்கள்.

அடுத்தது சாட்டா. 2003ஆம் ஆண்டு முதல் சந்தைக்கு வந்தது. கேபிள் ஒரு விரல் அகலத்துக்குள் அடங்கும். தரவுக்கு 7, மின்சாரத்துக்கு 15 என இரண்டு தட்டையான 'ட' வடிவ வாய்கள். ஜம்பர் தேவையில்லை. 2006க்குப் பின் வாங்கிய கணினி என்றால் பெரும்பாலும் சாட்டாவாகத்தான் இருக்கும். 2003 முதல் 2006 வரை வந்த மதர்போர்டுகள் பலவற்றில் இரண்டுமே இருக்கும். ஆகவே ஆண்டை வைத்து ஊகிக்காமல் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

ஐடிஇ மட்டுமே உள்ள கணினியில் சாட்டா டிஸ்க் மாட்ட மாற்றிப் பலகைகள் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பல ஒரு திசையில் மட்டுமே வேலை செய்பவை. சாட்டா டிஸ்க்கை ஐடிஇ மதர்போர்டில் மாட்டுவது வேறு, ஐடிஇ டிஸ்க்கை சாட்டா மதர்போர்டில் மாட்டுவது வேறு. உங்களுக்கு எது தேவை என்பதைக் கடையில் தெளிவாகச் சொல்லி வாங்குங்கள்.

இங்கே ஒரு நேர்மையான ஆலோசனையையும் சொல்லியாக வேண்டும். ஐடிஇ காலக் கணினிக்காகப் பணம் போட்டு டிஸ்க் தேடுவது பெரும்பாலும் வீண். குறிப்பிட்ட ஒரு பழைய இயந்திரத்தையோ மென்பொருளையோ ஓட்டியே ஆக வேண்டும் என்றால் சரி. மற்றபடி உள்ளிருப்பதைக் காப்பாற்றிவிட்டு, அந்தப் பணத்தை சாட்டா உள்ள பயன்படுத்திய கணினி ஒன்றுக்குச் செலவிடுவதே அறிவு.

அளவும் தடிமனும்

மேசைக் கணினியில் இருப்பது 3.5 அங்குல டிஸ்க். மடிக்கணினியில் இருப்பது 2.5 அங்குலம். சாட்டா என்றால் இரண்டுக்கும் வாய் ஒன்றுதான். அதனால் 2.5 அங்குல டிஸ்க்கை ஒரு தகடு வைத்து மேசைக் கணினியில் மாட்டலாம். மறுபுறமாக 3.5 அங்குலத்தை மடிக்கணினிக்குள் திணிக்க முடியாது.

மடிக்கணினிக்கு வாங்குவோர் பலர் மறப்பது தடிமன். 2.5 அங்குல டிஸ்க்குகள் 7 மி.மீ., 9.5 மி.மீ., 12.5 மி.மீ., 15 மி.மீ. எனப் பல தடிமன்களில் வந்துள்ளன. பழைய மடிக்கணினிகள் பல 9.5 மி.மீ. வரை ஏற்கும். சில 7 மி.மீ. மட்டுமே ஏற்கும். ஒரே நிறுவனத்தின் ஒரே ஆண்டு மாடல்களில்கூட இது மாறும். லெனோவோ திங்க்பேட் வரிசையில் டி420 மாடல் 9.5 மி.மீ. டிஸ்க்கை ஏற்கும். அதன் காலத்திலேயே வந்த எக்ஸ்220க்கு 7 மி.மீ. தேவை. 7 மி.மீ. டிஸ்க்கை 9.5 இடத்தில் வைக்கலாம், ஆடாமலிருக்க ஒரு சிறு சட்டம் போட்டால் போதும். மாற்றி வைக்க இயலாது. ஆகவே ஐயம் இருந்தால் 7 மி.மீ. வாங்குவதே பாதுகாப்பு.

நம் வீடுகள் பலவற்றில், தமிழக அரசு 2011ஆம் ஆண்டு முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் இன்றும் இருக்கின்றன. "டிஸ்க் போய்விட்டது" என்று அவற்றைப் பரண்மேல் போட்டிருப்போர் ஏராளம். அவற்றில் இருப்பது பெரும்பாலும் சாதாரண 2.5 அங்குல சாட்டா டிஸ்க்தான். அடியிலுள்ள மூடியைக் கழற்றி, தடிமனை அளந்து, புதியதை மாட்டினால் தம்பி தங்கைகளின் படிப்புக்கு மீண்டும் உதவும்.

எல்லாக் கணினியும் இப்படி எளிதல்ல. விலை குறைந்த சிறு மடிக்கணினிகள் சிலவற்றில் சேமிப்பகம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. 2009 முதல் 2011 வரை வந்த ஆப்பிள் ஐமேக் கணினிகளில் டிஸ்க்கின் வெப்பத்தை அளக்கத் தனி ஏற்பாடு உண்டு. அதைக் கவனிக்காமல் வேறு டிஸ்க் மாட்டினால் மின்விசிறி ஓயாமல் முழு வேகத்தில் சுற்றும். இத்தகையவற்றை அந்த மாடலில் வேலை செய்து பழகியவரிடம் கொடுங்கள்.

கையடக்க எக்ஸ்டர்னல் டிஸ்க்கை உடைத்து உள்ளிருப்பதை எடுத்து மடிக்கணினியில் மாட்டலாம் என்ற யோசனையும் அடிக்கடி கேட்கப்படுகிறது. அவற்றில் பலவற்றின் உள்ளே சாட்டா வாயே இருக்காது. யூ.எஸ்.பி. வாய் நேரடியாகப் பலகையில் பொருத்தப்பட்டிருக்கும். உடைத்தபின் பார்த்து வருந்திப் பயனில்லை.

வேகத் தலைமுறை

சாட்டாவில் மூன்று தலைமுறைகள் உண்டு. நொடிக்கு 1.5 ஜிகாபிட், 3 ஜிகாபிட், 6 ஜிகாபிட். புதிய டிஸ்க்கைப் பழைய வாயில் மாட்டினால் இரண்டும் பேசிக்கொண்டு குறைந்த வேகத்துக்கு இறங்கி வேலை செய்யும். எனவே "என் கணினி சாட்டா இரண்டு, கடையில் சாட்டா மூன்றுதான் இருக்கிறது" என்று கவலைப்பட வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. முதல் தலைமுறை மதர்போர்டுகள் சிலவற்றில், குறிப்பாக வியா நிறுவனத்தின் விடி8237 சிப் உள்ளவற்றில், இந்தப் பேச்சுவார்த்தை நடக்காது. டிஸ்க் இருப்பதே தெரியாமல் போகும். டிஸ்க்கின் பின்புறம் 1.5 ஜிகாபிட்டுக்கு இறக்கும் ஜம்பர் இருந்தால் தீர்வு கிடைக்கும். இக்காலத்து டிஸ்க்குகள் பலவற்றில் அந்த வசதி இல்லை. எனவே அத்தகைய கணினிக்கு வாங்கும்போது, சேராவிட்டால் திருப்பித் தரலாமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எவ்வளவு பெரிது வாங்கலாம்?

பெரியதே நல்லது என்ற எண்ணம் பழைய கணினியில் செல்லாது. இரண்டு எல்லைகளை நினைவில் வையுங்கள்.

முதல் எல்லை 137 ஜிபி. 2002ஆம் ஆண்டுக்கு முந்தைய கணினிகள் பல, டிஸ்க்கின் இடங்களை எண்ண 28 இலக்க இரும எண்ணையே பயன்படுத்தின. அதற்குமேல் அவற்றுக்கு எண்ணத் தெரியாது. விண்டோஸ் எக்ஸ்பியிலும் முதல் சர்வீஸ் பேக் போட்ட பின்புதான் இது தீர்ந்தது. பயாஸ், விண்டோஸ் இரண்டுமே இதை ஏற்க வேண்டும். ஏற்காத கணினியில் பெரிய டிஸ்க் மாட்டி நிரப்பினால் பழைய தரவின் மேலேயே எழுதிச் சிதைத்துவிடவும் கூடும்.

இரண்டாவது எல்லை 2 டிபி. பழைய 'எம்பிஆர்' முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்க்கில் சுமார் 2.2 டிபிக்கு மேல் பயன்படுத்த முடியாது. அதற்கு மேற்பட்டதற்கு 'ஜிபிடி' முறை தேவை. அப்படிப்பட்ட டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் தொடங்க வேண்டுமானால் பழைய பயாஸ் போதாது, யூஈஎஃப்ஐ உள்ள மதர்போர்டும் 64 பிட் விண்டோஸும் வேண்டும். வழக்கமான 32 பிட் எக்ஸ்பிக்கோ ஜிபிடி டிஸ்க்கைப் படிக்கவே தெரியாது. ஆகவே பழைய சாட்டா கணினிக்கு 2 டிபிக்குள் வாங்குவதே நிம்மதி. பெரும்பாலான குடும்பங்களுக்கு 500 ஜிபி அல்லது 1 டிபி தாராளம்.

லேபிளில் இன்னொன்றும் பாருங்கள். 2011 முதல் வரும் டிஸ்க்குகள் தரவை 4096 பைட் துண்டுகளாக வைத்துக்கொண்டு, வெளியே மட்டும் பழைய 512 பைட்போல் நடித்துக் காட்டுகின்றன. இவை பழைய கணினியிலும் ஓடும். எக்ஸ்பியில் பிரித்தால் மட்டும் துண்டுகள் ஒழுங்காகச் சேராமல் வேகம் குறையும். விண்டோஸ் 7 நிறுவும்போது பிரித்தால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் '4கே நேட்டிவ்' என்று குறித்த டிஸ்க் இப்படி நடிக்காது. அதை விண்டோஸ் 7 உள்ள கணினிக்கு வாங்கவே வேண்டாம்.

வாங்கி வந்த 500 ஜிபி டிஸ்க் விண்டோஸில் 465 என்று காட்டும். 1 டிபி என்றால் 931. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?

ஹார்ட் டிஸ்க்கில் தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்ற, ஒரு முனை ஓடி ஓடித் தேடும். எஸ்எஸ்டியில் சுற்றுவது எதுவுமில்லை, எல்லாம் சிப்புகள். சிதறிக் கிடக்கும் சிறு சிறு கோப்புகளைத் தேடி எடுப்பதில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. கணினி திறப்பதும் மென்பொருள் ஓடுவதும் அப்படிப்பட்ட வேலைகளே. ஆகவே சாட்டா இரண்டு வாயில் மாட்டினாலும் எஸ்எஸ்டி பழைய கணினியை இளமையாக்கிவிடும்.

கவனிக்க வேண்டியவை மூன்று. விண்டோஸ் 7 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். எஸ்எஸ்டியைச் சீராக வைக்கும் 'டிரிம்' வசதி அதிலிருந்துதான் விண்டோஸுக்கு வந்தது. இரண்டாவது, பயாஸில் 'ஏஹெச்சிஐ' முறையை விண்டோஸ் நிறுவும் முன்பே தேர்ந்தெடுங்கள். மூன்றாவது, வடிவம். உங்களுக்குத் தேவை 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. பெரும்பாலும் 7 மி.மீ. தடிமனில் வருவதால் தடிமன் கவலையும் இல்லை. மெல்லிய குச்சிபோல் வரும் 'எம்.2' வகையை, அதிலும் 'என்விஎம்இ' வகையை, விலை மலிவாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். பழைய மதர்போர்டில் அதற்கு இடமிராது. மாற்றிப் பலகை போட்டாலும், பழைய பயாஸ்கள் பெரும்பாலும் அதிலிருந்து விண்டோஸைத் தொடங்காது.

படங்களும் வீடியோக்களும் நிறைய உள்ள வீட்டுக்கு, விண்டோஸுக்குச் சிறிய எஸ்எஸ்டி, சேமிப்புக்கு ஹார்ட் டிஸ்க் என இரண்டும் வைப்பது சிறந்தது. மேசைக் கணினியில் இது எளிது. மடிக்கணினியில் டிவிடி டிரைவ் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு 'கேடி' எனும் சட்டம் மூலம் இரண்டாவது டிஸ்க்கை மாட்டலாம். கேடியும் 9.5, 12.7 மி.மீ. என இரு தடிமன்களில் வரும், அளந்து வாங்குங்கள். ஆனால் அலமாரியில் ஆண்டுக்கணக்கில் பூட்டி வைக்கும் பிரதிக்கு எஸ்எஸ்டியை நம்ப வேண்டாம். மின்சாரமின்றி நெடுநாள் கிடந்தால் அதிலுள்ளவை மங்கிப்போகலாம்.

கடையில் கேட்க வேண்டியவை

மேசைக் கணினியின் எஸ்.எம்.பி.எஸ்ஸில் சாட்டா மின்வாய் இல்லையென்றால் நான்கு பின் மின்வாயிலிருந்து மாற்றும் கேபிள் வாங்க வேண்டும். கம்பிகளை அச்சில் வார்த்து மூடிய மலிவுக் கேபிள்கள் சில சூடேறிக் கருகியதுண்டு. கம்பிகள் தனித்தனியே அழுத்திப் பொருத்தப்பட்ட வகையை வாங்குங்கள்.

ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது அது 'எஸ்எம்ஆர்' வகையா, 'சிஎம்ஆர்' வகையா என்று கேளுங்கள். எஸ்எம்ஆரில் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கும். படங்களைச் சேமித்து வைக்க அது போதும். விண்டோஸ் ஓட்டினால் தொடர்ந்து எழுதும்போது திணறும். அதற்கு சிஎம்ஆர் நல்லது.

பயன்படுத்திய டிஸ்க்கைத் துடைத்துப் புதியதென விற்பதும் நடக்கிறது. வீட்டுக்கு வந்ததும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் 'பவர் ஆன் ஹவர்ஸ்' என்ற வரியைப் பாருங்கள். புதிய டிஸ்க்கில் அது பூச்சியத்துக்கு அருகில் இருக்க வேண்டும். அந்த எண்ணையும் அழித்து விற்போர் உண்டு என்பதால், லேபிளில் உள்ள தொடர் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இட்டு உத்தரவாதக் காலத்தையும் சரிபாருங்கள். வெளிநாட்டில் வாங்கி அனுப்புவோர், உத்தரவாதம் நம் ஊரில் செல்லுமா என்று அங்கேயே கேட்டுவிடுவது நல்லது.

மாட்டிய பிறகு

பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் 'குளோன்சில்லா' போன்ற இலவசக் கருவியால் அப்படியே நகலெடுக்கலாம். புதிய டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. பழைய டிஸ்க்கில் பழுது இருந்தால், நகலெடுக்காமல் விண்டோஸைப் புதிதாக நிறுவி, கோப்புகளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரிலும் மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 பழைய கணினிகளை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. இணையத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை நிறுவுவது செலவில்லாத, பாதுகாப்பான வழி.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது? இதில்தான் நம் குடும்பங்கள் பெரிதும் கவனமின்றி இருக்கின்றன. அதைக் கடையிலேயே விட்டு வருகிறோம், அல்லது பழைய சாமான் வண்டியில் எடைக்குப் போடுகிறோம். குப்பைத் தொட்டியில் அழித்த படமும், விரைவு ஃபார்மேட் செய்த டிஸ்க்கும் உண்மையில் அழியவில்லை. இலவச மென்பொருள்களாலேயே அவற்றை மீட்டுவிடலாம். அதில் நம் வீட்டுப் பெண்களின் படங்கள், உறவினர் வீட்டு விசேஷப் படங்கள், ஆதார், வங்கி விவரங்கள் எல்லாம் இருக்கும். நம்மை நம்பிப் பிறர் தந்த படங்களும் நம்மிடமுள்ள அமானிதமே.

எனவே, வேலை செய்யும் ஹார்ட் டிஸ்க் என்றால் வேறொரு கணினியில் மாட்டி முழு ஃபார்மேட் செய்யுங்கள். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மேட் அந்தப் பகுதி முழுவதையும் பூச்சியத்தால் நிரப்பும். டிஸ்க்கில் சி, டி, ஈ எனப் பல பகுதிகள் இருந்தால் ஒவ்வொன்றையும் செய்ய வேண்டும். மாட்டியுள்ள டிஸ்க்குகளில் எதை அழிக்கிறோம் என்று இருமுறை பார்த்துச் செய்யுங்கள். வேலை செய்யாத டிஸ்க் என்றால் திறந்து உள்ளிருக்கும் தட்டை உடையுங்கள். மடிக்கணினி டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடியால் ஆனது, சில்லாகத் தெறிக்கும். தடித்த துணியில் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு உடையுங்கள். குழந்தைகள் அருகில் இருக்க வேண்டாம்.

அந்த வீட்டில் என்ன நடந்தது?

நாம் தொடக்கத்தில் சொன்ன குடும்பத்தின் பழைய டிஸ்க், தனி மின்சாரம் கொண்ட யூ.எஸ்.பி. அடாப்டரில் மாட்டியபோது 'டிக்' ஓசையின்றிச் சுற்றியது. களைத்துப்போன எஸ்.எம்.பி.எஸ்தான் ஓசைக்கு முக்கியக் காரணமாக இருந்திருக்கிறது. டிஸ்க்கும் முழு நலத்தில் இல்லை. திருமணப் படங்களில் சில திறக்கவில்லை. வாப்பாவின் குரல் பதிவுகள் அனைத்தும் கிடைத்தன. ஃபார்மேட் அடித்திருந்தால் இவற்றைத் தேடி மீட்பதே பெரும்பாடாகியிருக்கும்.

அந்த 4 டிபி டிஸ்க்கும் வீணாகவில்லை. தனி மின்சாரம் உள்ள ஒரு யூ.எஸ்.பி. பெட்டியில் போட்டு, தங்கையின் புதிய மடிக்கணினியில் இணைத்து, குடும்பத்தின் சேமிப்பகமாக்கிவிட்டார் மகன். இன்னொரு பிரதி மூத்த மகள் வீட்டில் இருக்கிறது. 2004 கணினிக்கு ஓய்வு கொடுத்தாயிற்று.

நீங்கள் கடைக்குப் புறப்படும் முன் ஒரு தாளில் ஐந்து விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: கணினியின் மாடல் எண், இணைப்பு ஐடிஇயா சாட்டாவா, டிஸ்க்கின் அங்குலமும் தடிமனும், இப்போதுள்ள கொள்ளளவு, ஓடும் விண்டோஸ் எது என்பது. பழைய டிஸ்க்கின் லேபிளைக் கைப்பேசியில் படம் பிடித்தும் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது என்போர், இன்றே அதிலுள்ள முக்கியமானவற்றுக்கு ஒரு பிரதி எடுத்து, வேறு வீட்டில் உள்ள நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.